மைக்குக்கும் வாய்க்கும் நடுவே

வீடு மாறி வந்த அன்றைக்கே அந்த உள்ளறை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

மாடிப் போர்ஷன். கூடத்தைத் தாண்டினால் ஜன்னலே இல்லாத ஒரு சின்ன அறை. அதன் ஒரு சுவர் முழுக்க மர அலமாரி. ஆள் உள்ளே நுழைந்து நின்று கதவைச் சாத்திக்கொள்ளும் அளவுக்கு ஆழம். திறந்ததும், நெடுநாள் மடித்தே வைத்திருந்த துணியின் வாசம் குப்பென்று அடித்தது. உள்ளே ஒரு துணிகூட இல்லை.

"இதுக்குள்ள எதை வைக்கிறது? நம்ம துணி ஒரு மூலைக்குக் காணாது" என்றான் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கதவைக் கண்டாலும் திறந்து மூடிப் பார்க்காவிட்டால் அவனுக்குக் கை சும்மா இருக்காது.

"துணிய இல்ல. என்னை வைக்கப் போறேன்" என்றாள் அவள்.

காது பரிசோதனை நிலையத்தில் வேலை செய்பவள் அவள். கண்ணாடிப் பெட்டி போன்ற அடைப்புக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, மெல்லிய பீப் சத்தம் கொடுப்பாள். கேட்டவர் பட்டனை அழுத்துவார். அங்கே எல்லோருக்கும் அவள் 'பீப் அக்கா'. பள்ளியில் பாடும்போதெல்லாம் கடைசி வரிசையில் நிறுத்தப்பட்டவள். சொந்தமாக ஒரே ஒரு பாட்டாவது கட்டி, தன் குரலிலேயே பதிவு செய்துவிட வேண்டும் என்று மனசுக்குள் ஓர் ஆசை, பல வருஷமாக.

அதற்கு வாய்த்த வாத்தியார் கொழுந்தன். வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு செய்பவன். ஃபோனிலேயே பாடம் நடத்தினான்.

"அண்ணி, முதல்ல வார்த்தையைத் தேடாதீங்க. லாலலான்னு மெட்டு வாயில உட்காரட்டும். வார்த்தை தானா வந்து ஒட்டிக்கும். பல்லவியை ஒருவாட்டி கேட்டவங்க திருப்பிப் பாடணும், அதான் பரீட்சை."

"ரெக்கார்டிங்குக்கு என்ன பண்றது?"

"துணி அலமாரியைவிட நல்ல ஸ்டுடியோ கிடையாது. புடவை, போர்வை எல்லாத்தையும் சுத்தித் தொங்கவிடுங்க, எதிரொலி அடங்கிடும். மைக்குக்கும் வாய்க்கும் நடுவுல ஒரு சாண் இடம் விடுங்க. அப்புறம், பாடறதுக்கு முன்னாடி சும்மா கொஞ்ச நேரம் அமைதியை ரெக்கார்ட் பண்ணுங்க."

"அமைதியையா? அதுல என்னடா இருக்கு?"

"ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு இரைச்சல் உண்டு அண்ணி. அது எதுன்னு தெரிஞ்சா, பாட்டுக்கு அடியில இருந்து அதைத் துடைச்சு எடுத்துருவேன்."

விடுமுறை நாளில் எல்லாம் செய்தாள். இருக்கிற புடவைகள், போர்வைகள், கணவனின் மழைக்கோட்டு என்று அலமாரி நிறையத் தொங்கவிட்டாள். நடுவில் மைக். மின்விசிறியை நிறுத்தினாள். பதிவைத் தட்டிவிட்டு, அலமாரிக் கதவைச் சாத்தி, சமையலறைக்குப் போய்ச் சத்தமில்லாமல் நின்றுகொண்டாள்.

பிறகு போட்டுக் கேட்டாள்.

அலமாரிக் கதவு சாத்தும் சத்தம். அவள் காலடி விலகிப் போனது. அதன்பின் பஞ்சு அடைத்தது போன்ற அமைதி.

அந்த அமைதிக்குள் யாரோ மூச்சு விட்டார்கள்.

அவள் போகட்டும் என்று அடக்கிவைத்திருந்து, போனபின் விட்ட மூச்சு.

அவளுக்குப் பயத்துக்கு முன்னால் சந்தேகம்தான் வந்தது. சத்தத்தோடு பிழைப்பு நடத்துகிறவள் அல்லவா? குழாயில் காற்று அடைத்திருக்கும். இல்லையென்றால் கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா. அதுவும் இல்லையென்றால், விளையாட்டுக்குப் பேர்போன தன் வீட்டுக்காரர்.

"அலமாரிக்குள்ள ஒளிஞ்சிருந்து மூச்சு விட்டீங்களா?"

"எனக்கு வெளியிலயே மூச்சு விட நேரமில்ல" என்றான் அவன், ஸ்பேனரைத் துடைத்தபடி.

பல்லவி சீக்கிரமே வந்துவிட்டது.

*சொல்லாம வந்தாலும் தெரியும் உன் காலடி,*
*நில்லாம போனாலும் நெஞ்சில ஓரடி.*

கணவனை நினைத்துத்தான் எழுதினாள். ஆனால் சரணம் வரவே இல்லை. மெட்டு ஒரு திருப்பத்தில் போய் நின்றுகொண்டது. எந்த வார்த்தையைப் போட்டாலும் ஒட்டவில்லை. தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அலமாரிக்குள் நின்று பாடிப்பார்ப்பாள். பாதியிலேயே நிறுத்திவிட்டு ஓடுவாள்.

அப்படி ஓடிய ஒரு காலையில் பதிவை அணைக்க மறந்துவிட்டாள். சாயங்காலம் வந்து பார்த்தால் பகல் முழுக்கப் பதிவாகியிருந்தது. அழிக்கப் போனவள், ஏனோ ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஓட்டிப்பார்த்தாள்.

வெகுநேரம் ஒன்றுமில்லை. மதியம் வாசல் கதவு திறந்தது. கணவன் சாப்பாட்டுக்கு வந்துபோவது வழக்கம்தான். தட்டு எடுக்கும் சத்தம். குழாய்.

அப்புறம் ஒரு பெண் முணுமுணுக்க ஆரம்பித்தாள். அவளுடைய மெட்டையேதான். வாயைத் திறக்காமல், நிதானமாக.

அறைக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கணவனின் குரல் கேட்டது. "சாப்பிட்டியா?"

"ம்ம்" என்றாள் அந்தப் பெண்.

"சரி சரி, நீ நடத்து."

அவன் சிரித்தது கூடக் கேட்டது.

அவள் பதிவை நிறுத்தினாள். ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். தன் வீட்டில், தன் அறையில், தான் கட்டிய மெட்டைப் பாடிக்கொண்டு எவளோ ஒருத்தி.

உடனே கேட்டுவிடலாம். ஆனால் கேட்டுவிட்டால் அது உண்மையாகிவிடுமே. கேட்காமல் நோட்டம் விட்டாள். அவன் சட்டையை மோந்து பார்த்தாள். கிரீஸ் வாசம்தான் வந்தது. தலையணையில் அந்நிய முடி இருக்கிறதா என்று தேடினாள். ஒருநாள் சாதாரணமாகக் கேட்பதுபோல், "மத்தியானம் வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?" என்றாள்.

அவன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அது உனக்குத்தானே தெரியணும்" என்றான்.

அவனுக்கு நெஞ்சழுத்தம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் வேலையிடத்தில் தலைவலி என்று சொல்லிவிட்டு மதியமே கிளம்பினாள். மாடிப்படியில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வெயில் சுளீரென்று அடித்தது. கீழே வீட்டுக்காரம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தவர், அவள் ஏறுவதைப் பார்த்துவிட்டு அவசரமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு, என்று நினைத்தாள்.

கதவைத் தள்ளினாள்.

கணவன் கூடத்துத் தரையில், உள்ளறைக் கதவுக்கு எதிரே சம்மணம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலை பாட்டுக்கு லேசாக ஆடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தான். வாசலில் நிற்கும் மனைவியைப் பார்த்தான்.

அவன் கையிலிருந்த தம்ளர் விழுந்து உருண்டது.

"நீ..." என்றான். "நீ உள்ள இல்ல?"

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

அதற்குப் பின்னால் பாட்டு நிற்கவில்லை.

அவன் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துப் பார்த்தான். அவள்தானா என்று பார்ப்பவன் போல. அவன் விரல்கள் ஜில்லென்று இருந்தன.

"தினமும் நீ உள்ள பாடிட்டு இருக்கேன்னு..." குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "வேலைய விட்டுட்டே போல, சொல்லக் கூச்சப்படறேன்னு நெனச்சேன். அதான் கதவைத் திறக்காம..."

"எத்தனை நாளா?"

"நீ முதல்ல மைக் வச்சதுல இருந்து."

பாட்டு நின்றது.

உள்ளே இருந்து யாரோ தங்களைக் கவனிக்கிறார்கள் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

அவன்தான் போய்க் கதவைத் திறந்தான். அறையில் யாரும் இல்லை. அலமாரிக் கதவு விரியத் திறந்திருந்தது. தொங்கிய துணிகள் அசையாமல் இருந்தன, ஒரே ஒரு புடவையைத் தவிர. அது மட்டும், யாரோ இப்போதுதான் விலக்கிக்கொண்டு போனதுபோல் ஆடிக்கொண்டிருந்தது.

உள்பக்கமாக.

அன்று சாயங்காலம் கொழுந்தன் வந்தான். வழக்கமாக வாசலிலேயே கேலியை ஆரம்பிப்பவன், அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் ஹெட்ஃபோனைக் கையில் எடுத்தான். கூடத்திலேயே உட்கார்ந்து, அவள் பாடி வைத்திருந்த பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டான்.

"அண்ணி, கூட யாரைப் பாட வச்சீங்க?"

"யாரையும் இல்லடா."

"டேய், உன் வேலையா இது? மெஷின்ல ஏதாவது கலந்து விளையாடறியா?" என்றான் அண்ணன்.

"சத்தியமா இல்லண்ணே." பதிவை மறுபடி பின்னால் ஓட்டிக் கேட்டான். "அண்ணி, தூரத்துல இருந்து வர்ற குரல்ல ரூமும் சேர்ந்து கேக்கும். கிட்ட இருக்கிற குரல்ல எச்சில் சத்தம்கூடக் கேக்கும். நான் சொன்னபடி ஒரு சாண் தள்ளித்தான் நின்னிருக்கீங்க. உங்க குரல் சரியா அங்கதான் இருக்கு."

"இன்னொரு குரல்?"

"அதுல உதடு ஒட்டிப் பிரியறது கேக்குது." ஹெட்ஃபோனைக் கழற்றினான். "உங்களுக்கும் மைக்குக்கும் நடுவுல நின்னு பாடுது."

அவள் ஹெட்ஃபோனை வாங்கிக் காதில் வைத்தாள். தன் பல்லவியைக் கேட்டாள். வழக்கம்போலப் பாதியில் நிறுத்திவிட்டுத் தான் ஓடுவதைக் கேட்டாள். பகல் முழுக்க ஓடிய அந்த ஒரு பதிவைத் தவிர, அதற்கு மேல் தன் பதிவுகளை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

அதற்கு மேல் இருந்தது.

*சொல்லாம வந்தவ நான், சோறு தண்ணி கேக்கல,*
*பக்கத்துல நிக்கிறேன், பாவி மக பாக்கல.*

மெட்டு நின்றுபோயிருந்த அந்தத் திருப்பத்தில் வார்த்தைகள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்திருந்தன. அவளை நடுங்கவைத்தது அந்தக் குரல்கூட இல்லை. சரணம் அழகாக இருந்தது. அடுத்து என்ன வரும் என்று கேட்க அவளுக்கு ஆசையாக இருந்தது.

ஹெட்ஃபோனைப் பிடுங்கிக் கழற்றினாள்.

எல்லாப் பதிவுகளையும் கொழுந்தன் அவர்கள் கண்ணெதிரே அழித்தான். வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுக்கப் போனபோது வீட்டுக்காரம்மா ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டார். அவளுடைய முகத்தைப் பார்க்காமல் அவளுக்குப் பின்னால் எங்கோ பார்த்தபடி, "பாட்டை முடிச்சிட்டியாம்மா?" என்றார்.

"இல்ல."

"முடிச்சிருக்கலாம்" என்றார் அந்த அம்மா. "முடிச்சிருந்தா இங்கயே இருந்திருக்கும்."



புதிய வீட்டில் நாலு பக்கமும் ஜன்னல். தெரு இரைச்சல் ஓயாது. அதுவே அவர்களுக்கு நிம்மதியாக இருந்தது. மைக்கைக் கொழுந்தனிடமே கொடுத்துவிட்டாள். கணவனைச் சந்தேகப்பட்டதை ஒருநாள் அவளே சொல்லிவிட்டாள். "உன்னையே சமாளிக்க முடியல, இதுல இன்னொருத்தியா?" என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்த மெட்டு எப்போதாவது நாக்கின் நுனிவரை வரும். உடனே தண்ணீர் குடித்துவிடுவாள்.

வாரங்கள் போயின. ஒரு முற்பகல், பரிசோதனைக்கு ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இரண்டு காதும் அநேகமாகப் போய்விட்டது என்று மகள் கத்திக் கத்திச் சொல்லிக் கூட்டிவந்திருந்தாள். பெரியவரை அடைப்புக்குள் சின்ன பெஞ்சில் உட்காரவைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, பட்டனைக் கையில் கொடுத்து, தடித்த கதவைச் சாத்திவிட்டு வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

கருவியை இன்னும் தொடவில்லை.

பச்சை விளக்கு எரிந்தது. பெரியவர் பட்டனை அழுத்தியிருந்தார்.

அணைந்தது. மறுபடி எரிந்தது. அணைந்து, எரிந்து, தாளம் தப்பாமல்.

பேசும் மைக்கின் ஒலியை முழுக்கக் கூட்டிவைத்துக்கொண்டு, "ஐயா, நான் இன்னும் சத்தமே கொடுக்கலையே" என்றாள்.

"சத்தம் இல்லம்மா, பாட்டு" என்றார் பெரியவர். முகமெல்லாம் சிரிப்பு. "எவ்வளவு நாளாச்சு, இப்படித் தெளிவாக் கேட்டு!"



"எந்தக் காதுல கேக்குதுங்கய்யா?"

பெரியவர் யோசித்தார். ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பச்சை விளக்கு தொடர்ந்து தாளம் போட்டது.

"காதுல இல்லையேம்மா" என்றார். பிறகு பக்கத்தில் யாரையோ நிமிர்ந்து பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.