இறக்கத்தில் நின்ற கார்

ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்திருந்தான். எஞ்சின் ஊரையே கூட்டியது. அப்படியும் மழைக்கோட்டு போட்ட ஒரு சைக்கிள்காரர் அவனை முந்திக்கொண்டு போனார். போகிற போக்கில் காருக்குள் எட்டிப் பார்த்தார். அவனை அல்ல, பின் சீட்டை. உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, யாரோ துரத்துவதுபோலப் பெடலை மிதித்துப் பறந்துவிட்டார்.

பின் சீட்டில் ஒன்றுமில்லை. அவன் திரும்பிப் பார்த்தான்.

ஒரு வாரமாக இதே பாட்டுத்தான். பழைய சின்ன கார். போன வாரம்வரை வஞ்சனையில்லாமல் உழைத்தது. இப்போது மிதித்தால் கத்துகிறது, நகர மாட்டேன் என்கிறது. மனைவியின் தம்பி மெக்கானிக்காக இருந்தும் இந்த லட்சணம் என்று எரிச்சலோடு பட்டறைக்குள் வண்டியை விட்டான்.

"மாமா, ஏர் ஃபில்டர் மாத்தியாச்சு, பெட்ரோல் ஃபில்டர் மாத்தியாச்சு, பிளக் நாலும் புதுசு. சைலன்சர் அடைப்பும் இல்ல. இனிமே மாத்தணும்னா டிரைவரத்தான் மாத்தணும்" என்றான் மைத்துனன்.

"நக்கலா? நேத்து உங்க அக்கா என்ன பேச்சு பேசினா தெரியுமா?"

நேற்று கார் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் நடனப் பள்ளியைப் பூட்டிவிட்டார்கள். மகள், வீட்டில் எல்லோரும் 'வாலு' என்று கூப்பிடுகிறவள், இருட்டுகிற நேரத்தில் படியில் தனியாக நனைந்துகொண்டு நின்றிருந்தாள். 'இன்னொரு தடவை எம் பொண்ணு தனியா நின்னா, நீங்க வீட்டுப் பக்கமே வர வேணாம்' என்று மனைவி கதவைச் சாத்தியது இன்னும் காதில் இருந்தது.

மைத்துனன் காரை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்களைக் கையால் சுற்றினான். நாலும் பம்பரமாகச் சுற்றின. தனியாக ஒரு ரவுண்டு போனான். அம்புபோல் போய் அம்புபோல் வந்தான்.

"பாத்தீங்களா? வண்டிக்கு உங்களத்தான் பிடிக்கல. ஏறுங்க, சேந்து போவோம்."

அவன் ஏறி உட்கார்ந்ததும் கார் முனகியது. தெருமுனைவரை போவதற்குள் மைத்துனனின் சிரிப்பு வற்றிவிட்டது. பட்டறைக்குத் திரும்பியதும் இறங்கிப் பின்கதவைத் திறந்தான். ஸ்டெப்னி, ஒரு குடை. அவ்வளவுதான். ஈரமண் வாடை மட்டும் குப்பென்று அடித்தது.

"கொஞ்சம் இறங்குங்க மாமா."

இறங்கினான். காரின் பின்பக்கம் மெல்ல மேலே எழுந்தது. ஒரே ஒரு ஆள் இறங்கியதற்கு அது ரொம்ப அதிகம்.

"ஸ்பிரிங் கிழடாயிடுச்சு" என்றான் மைத்துனன், அவன் முகத்தைப் பார்க்காமல். "டான்ஸ் கிளாசுக்குப் போற வழியில அந்தப் பெரிய இறக்கம் இருக்குல்ல? நடுவுல நிறுத்தி, நியூட்ரல் போட்டு, பிரேக்க விடுங்க. வண்டி தானா உருண்டுச்சுன்னா எஞ்சின் கோளாறு. உருளலன்னா ஏதோ பிடிக்குது."

"எது?"

"பிரேக்குதான். வேற எது பிடிக்கும்?"

இறக்கத்தின் உச்சிக்கு வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருக்க, சாலையோர மரங்களிலிருந்து சொட்டிய நீர் கூரையில் விரல் நகங்களால் தட்டுவதுபோல் ஒலிக்க, கீழே வெகு தூரத்தில் நடனப் பள்ளியின் ஒற்றை விளக்கு ஈரத்தில் கலங்கித் தெரிந்தது. பாதி இறக்கத்தில் நிறுத்தினான். நியூட்ரல். கைப்பிரேக்கை இறக்கினான். காலையும் எடுத்தான்.

கார் நின்றது.

மூக்கு பள்ளத்தைப் பார்த்திருந்தது. கல்லை வைத்தாலும் உருண்டோடும் சரிவு. நின்றது.

சனியன், பிரேக்குதான் என்று ஆத்திரத்தோடு எஞ்சினை அணைத்தான். அணைத்திருக்கக் கூடாது. சத்தம் அடங்கியதும் இன்னொரு சத்தம் கேட்டது. காருக்குப் பின்னால், தாழ்வாக, பாரம் இழுப்பவர் விடும் மூச்சு. இழுத்து. விட்டு. இழுத்து.

கண்ணாடியில் பார்த்தான். வெறும் சாலை.

பின்பக்கம் ஒரு சாண் தாழ்ந்தது.

பிறகு கார் நகர்ந்தது. மேல் நோக்கி. பின்னால்.

பிரேக்கை மிதித்தான். டயர்கள் ஈரத்தில் தேய்ந்தன. நிற்கவில்லை. கீழேயிருந்த விளக்கு விலகியது. இன்னும் விலகியது. அங்கே பூட்டு தொங்கும். படியில் வாலு நிற்பாள். ஒரு வார எரிச்சலும் பயமும் சேர்ந்து தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தன.

"ஏய்! எம் பொண்ணு அங்க கீழ தனியா நிக்கறா! விட்டுத் தொலை!"

மூச்சு நின்றது.

யோசிப்பதுபோல் ஒரு நிமிடம்.

டொக்கென்று பின்பக்கம் எழும்பியது. கார் உருண்டது. சாவியைத் திருகினான். கியரைப் போட்டு மிதித்தான். மிதித்த மாத்திரத்தில் பாய்ந்தது. வாங்கிய புதிதில்கூட இப்படிப் பாய்ந்ததில்லை. அழுகையும் சிரிப்புமாக ஸ்டியரிங்கைத் தட்டிக் கொடுத்தான். "ராசா! என் ராசா!"

பள்ளியின் வெளிக்கதவு இன்னும் திறந்திருந்தது. நீண்ட நடைபாதையின் மறுகோடியில் மஞ்சள் மழைக்கோட்டில் வாலு நின்றிருந்தாள். அவன் காரைவிட்டு இறங்கியதைப் பார்த்ததும் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அப்பா! இன்னிக்கு சீக்கிரம் வந்..."

பாதியில் அவள் வேகம் குறைந்தது. இடுப்பளவு தண்ணீரில் ஓடுபவள்போல் முன்னால் சாய்ந்தாள். முகத்தில் எரிச்சல் வந்தது. பிறகு குழப்பம்.

"அப்பா... போக முடியலப்பா."

காற்றில்லை. ஒரு இலைகூட அசையவில்லை. ஆனால் மழைக்கோட்டின் பின் விளிம்பு அவளுக்குப் பின்னால் நேராக, விறைப்பாக நீண்டிருந்தது.

அவன் ஓடினான். அவளும் கால்களை மாற்றி மாற்றி வைத்து அவனை நோக்கி ஓடிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் இருவருக்கும் நடுவே இருந்த தூரம் கூடிக்கொண்டே போனது.