ஏற்றத்தில் ஒரு ஸ்ட்ரோலர்

"இவ்வளவு பெரிய பொண்ணு வண்டியிலயா? இறங்கி நட செல்லம்... அம்மா பாவம்ல!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான் தேஹூன். கொரியத் தலைநகர் சியோலுக்கு வெளியே, மலைச்சரிவில் இருந்த அந்தக் கேளிக்கைப் பூங்காவின் ஏற்றத்தில், அவனும் தன் அக்காவின் குழந்தையை ஸ்ட்ரோலர் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான்.

அம்மா தள்ளிவந்த வண்டியில் இருந்த ஆறு வயது போம் சிரிக்கவில்லை. மெல்ல இறங்கினாள். நாலடி வைத்தாள். முழங்கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மிரே மகளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தாள். பிறகுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். நீண்ட, கறுத்த கண்கள்... கோபத்திலும் ஈரமாக இருந்தன.

"அவளுக்குக் கால்ல பலம் கம்மிங்க. எழுதிக் கழுத்துல மாட்டிவிடவா?"

"நான்... தெரியாம..."

"தெரியலைன்னா பேசாம போங்க."

விறுவிறுவென்று தள்ளிக்கொண்டு போய்விட்டாள். இந்த வண்டிக்காக எத்தனை கடை ஏறி இறங்கியிருப்பாள்! எல்லாமே கைக்குழந்தைக்கு ஆனவை. கடைசியில் ஒரு கடையில் அரிசி மூட்டையை உட்கார வைத்துத் தள்ளிப் பார்த்து வாங்கினாள். கணவனைப் பிரிந்தபின் மகளோடு வந்த முதல் உல்லாசப் பயணம்... ஒரே பேச்சில் கெடுத்துவிட்டானே!

மதியம் மழை பிடித்துக்கொண்டது.

தேஹூனின் வண்டி பார்க்கத்தான் அழகு. அதன் சின்னச் சக்கரம் சாக்கடை மூடியின் கம்பியில் சிக்கிக் கழன்றது. குழந்தையைக் கோட்டுக்குள் அணைத்தபடி நனைந்து நின்றான். மிரே பார்த்தாள்... பார்க்காததுபோல் தாண்டினாள்.

"அம்மா, பாப்பா நனையுது. என் மடியில உக்காரட்டுமே..."

வீம்பு ஒரு நொடி இழுத்தது. பிறகு நின்றாள்.

"சரி போம், பாப்பாவைக் கெட்டியாப் பிடிச்சுக்க. நீங்க ஏத்துங்க. ஆனா தள்ளுறது நீங்கதான்."

"உத்தரவு!"

மூச்சிரைக்கத் தள்ளினான். "யப்பா... என்ன கனம்!"

"உங்களை மாதிரி அழகு பார்த்து வாங்கலை."

"அது எங்கக்கா வாங்கினது."

"ம்... பழியை அக்கா மேல போடுங்க."

வண்டியின் மழையுறைக்குள்ளிருந்து போம் களுக்கென்று சிரித்தாள்.

கூரைக்கடியில் ஒதுங்கியதும் தேஹூன் சூடான மீன்சூப் வாங்கி வந்தான். போம் முன்னால் மண்டியிட்டான்.

"காலையில நான் சொன்னது தப்பு. மன்னிச்சிடு போம்."

அவள் யோசித்தாள். "பாப்பாவை இன்னும் கொஞ்ச நேரம் வச்சுக்கவா?"

"தாராளமா!"

எழுந்தான். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"போம் அம்மா... உண்மையைச் சொல்லிடறேன். உங்களை வாசல்லயே பார்த்தேன். எப்படியாவது பேசணும்னு தோணுச்சு. வாயைத் திறந்தா அந்த வார்த்தை வந்து விழுந்துடுச்சு... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

மிரே கோப்பையின் ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பிரிஞ்சு வந்தவ. இவ கால் சரியாகும்னும் சொல்ல முடியாது. யோசிச்சுப் பேசுங்க."

"மலை முழுக்கத் தள்ளிக்கிட்டே யோசிச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள்... முடியவில்லை.

"என்னைப் போம் அம்மான்னு ஊரே கூப்பிடுது. நீங்களும் எதுக்கு..." குரல் தாழ்ந்தது. "என் பேரு மிரே."