பஞ்சு அடைத்த வாய்

சர்க்கரை டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் ரெண்டு தட்டுத் தட்டினாள் மாமியார். ஒரே ஒரு எறும்பு விழுந்தது.

"பாருங்க இந்த அநியாயத்தை... எறும்புக்கே ஒண்ணும் மிச்சமில்ல! போர் முடியற வரைக்கும் சர்க்கரை கிடைக்காதுன்னு வெறும் டீயைக் குடிச்சுட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கேன். இந்த மகராசி என்னடான்னா, இருந்ததையெல்லாம் மிட்டாயாக் காய்ச்சி அந்தக் கர்னலுக்குக் குடுக்கறா!"

அவள் வாயை மூடிக்கொண்டிருந்த லட்சணம் எதிர்வீட்டு மொட்டைமாடி வரைக்கும் கேட்டது.

மருமகள் இடுக்கியையும் குறடையும் வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் அவளுக்கு வாயில்லாப்பூச்சி என்றே பெயர்.

ஊர் எதிரிப் படையின் கையில் விழுந்து பல மாதமாகிவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள். பேசுவது நம்ம பாஷைதான். மிரட்டுவதும் அதே பாஷையில்தான். அவர்களுடைய கர்னலுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. ஊரில் மிஞ்சியிருந்த ஒரே பல் டாக்டர் இவளுடைய புருஷன். வீட்டு முன்னறைதான் கிளினிக். கரண்டு இல்லாததால் பல்லைக் குடையும் மெஷினைக் காலால் மிதித்துச் சுற்ற வேண்டும். மிதிப்பது இவள் வேலை. ஒவ்வொரு முறையும் டாக்டர் குடைந்து அடைத்து அனுப்புவார். இவள் வாசல் வரை போய், கர்னல் கையில் ஒரு பொட்டலம் மிட்டாயைக் கொடுப்பாள். அடுத்த வாரம் கர்னல் தாடையைப் பிடித்துக்கொண்டு மறுபடி வந்து நிற்பான்.

நாத்தனார் மூக்கைச் சிந்தினாள். "என் புருஷன் எந்த மலையில, எந்தக் குழியில கிடக்கறாரோ... இங்க அண்ணி அவரைச் சுடறவனுக்கு மிட்டாய் கொடுத்துக் கொஞ்சறாங்க! உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா அண்ணி?"

இருந்தது. அது படபடவென்று அடித்துக்கொண்டும் இருந்தது. ஏனென்றால், பாவம், அந்த வாயில்லாப்பூச்சி ஒரு உளவாளி.

பயிற்சியெல்லாம் ஒன்றும் கிடையாது. பன்னிரண்டு வருஷம் பல் டாக்டர் பக்கத்தில் நின்றதுதான் பயிற்சி. வாயில் பஞ்சும் கண்ணாடியும் டாக்டரின் ரெண்டு விரலும் இருக்கும்போது மனுஷர்கள் பேசுகிற பாஷை ஒன்று உண்டு. "ஆஹ... ஊங்... ஹஹ்ஹா" என்று போகும். உலகத்தில் அதைப் புரிந்துகொள்ளக் கற்றவள் இவள் ஒருத்திதான். டாக்டருக்குக்கூடப் புரியாது. அவர் கேள்வி கேட்பார், பதிலையும் அவரே சொல்லிக்கொள்வார்.

கர்னல் சுறுசுறுப்பான ஆள். பல்லைக் குடையும்போதும் உதவியாளனைப் பக்கத்தில் நிறுத்தி, பஞ்சு அடைத்த வாயோடு உத்தரவு போடுவான். தன் பேச்சு யாருக்கும் விளங்காது என்பதில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. கேட்டதையெல்லாம் இவள் பல்செட் செய்கிற மாவு அக்காவின் காதில் போடுவாள். அச்சு மாவு அப்பிய கையோடு வந்து போகும் அந்த அக்காவை எந்தச் சிப்பாயும் சோதிப்பதில்லை. சோதித்தால் சட்டையில் ஒட்டிக்கொள்ளும்.

கர்னல் வந்துகொண்டே இருக்க வேண்டுமென்றால் பல் ஆறக் கூடாது. அதற்குத்தான் மிட்டாய்.

இதை வீட்டில் சொல்லலாம்தான். ஆனால் மாமியாரிடம் சொல்வதும் தெருமுனையில் நின்று மேளம் அடிப்பதும் ஒன்று. நாத்தனார் அழும்போது எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். அவள் அழாத நேரமே இல்லை. புருஷனோ பொய் சொன்னால் காது சிவந்துவிடும் மனுஷர். ஒரு வார்த்தை கசிந்தால் இவள் தலை போகும், அவர்கள் தலையும் சேர்ந்து போகும். அதனால் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றாள்.

டாக்டர் சோப்புக் கையோடு உள்ளே வந்தார். அவருக்கு வேறு வருத்தம்.

"நான் அடைச்ச பல்லு மாசக்கணக்கா ஆறலன்னா, என் கைராசி என்னாகறது? ஊரே சிரிக்குது. எல்லாம் உன் மிட்டாயால! இன்னிக்கு அந்தப் பல்லை அடியோட புடுங்கிடறேன். அவனும் வரமாட்டான், வம்பும் இருக்காது."

"வேணாங்க... இன்னும் ஒரே ஒரு வாரம்..." என்று ஆரம்பித்தாள்.

"ஏன், அவனைப் பார்க்காம இருக்க முடியாதா? முடியும்!" பதிலையும் அவரே சொல்லிவிட்டார். "மறுபடி ஒரு மிட்டாய் அவன் கைக்குப் போச்சு... நீ இந்த வீட்டுல இருக்கமாட்டே."

அவள் கண்ணில் நீர் முட்டியது. புருஷன் வாயால் அப்படி ஒரு பேச்சைக் கேட்டது அதுவே முதல்முறை.

கர்னல் வந்தான். டாக்டர் கோபத்திலிருந்தார், கோபத்தில் அவர் கை பிரமாதமாக வேலை செய்தது. ஒரே இழுப்பு. பல் கிண்ணத்தில் விழுந்து 'டங்' என்றது. குழிக்குள் பஞ்சைத் திணித்து, "வாயைத் திறக்கக் கூடாது" என்றார்.

கர்னல் உடனே வாயைத் திறந்தான். "ஹழைய ஹாவு ஹில்லு..." என்றான் உதவியாளனிடம்.

"ஐயா?"

"ஹாவு ஹில்லு! ஹியாழன் ஹிடிகாலை! ஹுண்டு!"

மூன்றாம் தடவை சொன்ன பிறகுதான் உதவியாளனுக்கு விளங்கியது. அவளுக்கு முதல் தடவையிலேயே விளங்கிவிட்டது. மலையடிவாரத்துப் பழைய மாவு மில். வியாழன் விடிகாலை குண்டு போடப் போகிறார்கள். அந்த மில்லில்தான் நம்ம பட்டாளம் ஒன்று ஒளிந்திருப்பதாக மாவு அக்கா சொல்லியிருந்தாள். நாத்தனாரின் புருஷன் இருக்கும் பட்டாளம்.

மாவு அக்கா வந்தபோது, அச்சுகளை எடுத்துக் கொடுக்கும் சாக்கில் விஷயத்தைச் சொல்லி முடித்தாள். பிறகு காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. வியாழக்கிழமை விடிகாலை தூரத்தில் குண்டுச் சத்தம் கேட்டது. நாத்தனார் ஓவென்று அழுதாள். இவள் அடுக்களைக்குள் போய், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை டாக்டருக்குப் பேரிடி விழுந்தது. பல் பிடுங்கிய கையின் லாவகத்தில் சொக்கிப்போன கர்னல், தன் அதிகாரிகள் மொத்தப் பேரையும் அனுப்பிவிட்டான்! வாசலிலிருந்து தெருக்கோடி வரைக்கும் பூட்ஸ் வரிசை.

மாமியார் பெட்டியைத் தூக்கி நடுக்கூடத்தில் வைத்தாள். "ஒருத்தனுக்கு மிட்டாய் கொடுத்தே, ஊர்ப்பட்ட பேர் வந்துட்டான்! கிளம்பு. இந்தக் குடும்பத்துக்கு இதுக்கு மேல கேவலம் வேண்டாம்."

ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். வெளியே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் அந்த வார்த்தை கேட்கும். அவள் சொல்லவில்லை. மாமியாரைக் கும்பிட்டாள், பெட்டியை எடுத்தாள், கொல்லைப்புறக் கதவைத் திறந்தாள்.

வாசற்படியில், பல்வலிக்காரன் மாதிரி தலையோடு தாடையைச் சேர்த்துத் துணி கட்டிய ஒருவன், மாவு அக்காவின் தோளைப் பிடித்தபடி நின்றான்.

"முன்பக்கம் பத்தாதுன்னு பின்பக்கமும் ஆரம்பிச்சுட்டீங்களா! போடா அந்தாண்ட!" என்று மாமியார் விளக்குமாற்றை ஓங்கினாள்.

"அத்தை... நான் உங்க மாப்பிள்ளை!" என்று கிசுகிசுத்தான் அவன்.

நாத்தனார் கத்த வாயெடுத்தாள். மாவு அக்கா சட்டென்று மாவுக் கையாலேயே அந்த வாயைப் பொத்தினாள்.

அவன் தாழ்ந்த குரலில் பேசினான். "மில்லை விட்டு ராத்திரியே வெளியேறிட்டோம். வர்ற வழியில காலு சுளுக்கிக்கிச்சு, அக்காதான் ஒளிச்சு வெச்சுக் கூட்டிட்டு வந்தாங்க. சேதி எங்கேருந்து வந்துச்சுன்னும் சொன்னாங்க." பெட்டியோடு நின்றவளைப் பார்த்துக் கை கூப்பினான். "தங்கச்சி... நீ மட்டும் கேட்டுச் சொல்லலன்னா, நாங்க அத்தனை பேரும் அங்கயே போய்ச் சேர்ந்திருப்போம்மா."

நாத்தனார் அப்படியே அண்ணியின் காலைக் கட்டிக்கொண்டாள். மாமியார் போட்ட சத்தத்தில் முன்னறையிலிருந்து வந்திருந்த டாக்டர், மனைவி கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார்.

"என்கிட்டயாவது ஒரு வார்த்தை... ஏன் சொல்லல? நம்பிக்கை இல்ல, அதானே?"

"பார்த்தீங்களா... இப்பவும் பதிலை நீங்களே சொல்லிட்டீங்க."

டாக்டர் கண்ணைத் துடைத்தார். "என்னை மன்னிச்சுடும்மா. நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்போ... என் அடைப்புல ஒரு குறையும் இல்லையே?"

"தங்கமான அடைப்புங்க. அதைக் கெடுக்கறதுக்குள்ள நான் பட்ட பாடு!"

மாமியார் இதற்குள் தெருக்கதவுப் பக்கம் நகர்ந்திருந்தாள். நாக்கு துறுதுறுத்தது. இப்படி ஒரு மருமகள்! இதை ஊருக்குச் சொல்லாமல் எப்படி இருப்பது?

"அத்தை! வெளிய ஒரு வார்த்தை போச்சுன்னா தங்கச்சி உசுரு போயிடும்" என்றான் மாப்பிள்ளை.

மாமியார் கதவிலிருந்து கையை எடுத்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் ஆயுளில் செய்த பெரிய தியாகம் அதுதான் என்று சத்தியம் செய்து சொல்லலாம்.

மறுநாள் தெருக்குழாயில் நல்ல கூட்டம். கொஞ்சம் தள்ளி ஒரு சிப்பாய் காவலுக்கு நின்றான். மாமியார் வாளியை வைத்ததுமே எதிர்வீட்டுக்காரி ஆரம்பித்தாள்.

"என்ன, உங்க மருமக இப்போ மொத்தப் பட்டாளத்துக்கும் மிட்டாய் காய்ச்சறாளாமே? விட்டா பதக்கமே குடுப்பானுங்க போல!"

ஜன்னலுக்குப் பின்னால் மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியார் எதிர்வீட்டுக்காரியைப் பார்த்தாள், சிப்பாயைப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

"அவ பேச்சை எடுக்காதீங்க! மானங்கெட்டவ! நாட்டைக் காட்டிக் கொடுக்கறவ! என் குடும்பத்துக்குன்னு வந்து வாய்ச்சா பாரு... அவ மூஞ்சியில முழிச்சாலே பாவம்!"

சொல்லச் சொல்லக் கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. தெருப்பெண்கள் பதறிப்போய் அவளைத் தாங்கிப் பிடித்தார்கள். எதிர்வீட்டுக்காரியே வாளியை நிரப்பி வாசல் வரைக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

கதவு சாத்தியதுதான் தாமதம், மாமியார் மருமகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். "என் கண்ணே... உன்னைப் போய் இப்படியெல்லாம்... என் நாக்கு அழுகிடும்டி! ரொம்ப அதிகமாப் போயிடுச்சாடி?"

மருமகள் அவள் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வசவு அவளுக்குக் கிடைத்ததில்லை.

"இல்லத்தை... நாட்டைக் காட்டிக் கொடுக்கறவங்கறதை மட்டும் இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லியிருக்கலாம். அந்தச் சிப்பாய்க்குச் சரியா கேட்டிருக்காது."

மாமியார் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"நாளைக்குச் சொல்லிடறேன்."