காலியான வாசகர் குழு

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 1.40. காத்தான்குடி ‘அலைமுகம்’ இதழின் வாட்ஸ்அப் வாசகர் குழுவில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் மூவரே மிச்சம். மூவரும் நிர்வாகிகள்: ஆசிரியர் பாறூக், பக்கம் வடிவமைக்கும் நிஸ்தார், மூன்று வருடமாக ஆள் ஆளாகப் பிடித்துக் குழுவை வளர்த்த ஹப்ஸா.

2.45. ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட் கனகசிங்கம் புளியந்தீவிலிருந்து இதழின் அலுவலகத்துக்கு வரவழைக்கப்பட்டார். இலக்கியம் அறவே தெரியாதவர் என்பதால் அவரே நடுநிலையாளர் என்பது பாறூக்கின் முடிவு.

“பாருங்க சார்ஜன். எல்லா வரியிலயும் ‘ஹப்ஸா நீக்கினார்’. இது இலக்கியப் படுகொலை!” என்றார் பாறூக்.

ஹப்ஸாவை விலக்கும் அறிக்கை ஏற்கெனவே தயார். ஐந்து பக்கம், அதில் மூன்று பாறூக்கின் தியாகங்களைப் பற்றியது.

“நான் ஊட்டுல சமைச்சிட்டு இரிந்தன் ஐயா,” என்றாள் ஹப்ஸா. “என்ட வாட்ஸ்அப் கணக்கு கந்தோர் கொம்பியூட்டர்லயும் திறந்துதான் கிடக்கும். பாறூக் சேர் இந்த அறிக்கையப் போட்டா இனி என்னை ஆரு நம்புவாங்க?”

“கந்தோர்த் திறப்பு ஆரிட்ட?” அலுவலகச் சாவியைப் பற்றிக் கேட்டார் கனகசிங்கம்.

“எங்க மூணு பேர்ட்டயும்.”

“நீக்கின நேரம்?”

“12.20ல இரிந்து 1.15 வரைக்கும்.”

“ஜும்ஆத் தொழுகை நேரம்!” பாறூக் முந்திக்கொண்டார். “நிஸ்தார் பள்ளிவாசல் மைக்ல நிண்ட, ஊரே கேட்ட. நான் கடைசி வரிசையில.”

கனகசிங்கம் கைபேசியை வரி வரியாக நகர்த்தினார். காலையில் ஹப்ஸா போட்ட வாக்கெடுப்பு: ‘சென்ற இதழை வாசித்தீர்களா?’ இல்லை: நூற்று எழுபது பேர். ஆம்: ஒருவர். அவரும் ஆசிரியர்.

பிறகு நீக்கல்கள். நடுவே 12.47க்கு ஒரு வாசகர் தன் தகப்பனின் மரண அறிவித்தலைப் போட்டிருந்தார். ஹப்ஸாவின் இலக்கத்திலிருந்து உடனே பதில்: ‘இன்னாலில்லாஹி... அஸருக்குப் பிறகு ஜனாஸாத் தொழுகைக்கு வாறன்.’ அடுத்த வரியில் அந்த மகனும் நீக்கப்பட்டிருந்தார்.

“பாறூக் தம்பி, ஜனாஸாத் தொழுகைக்கு உங்கட ஊர்ப் பொம்பிளையள் பள்ளிக்குப் போறதா?”

“இல்லியே, ஆம்பிளைகள்தான்...”

“அப்ப இத எழுதினது ஆம்பிளை. மௌத்துச் செய்தி கண்டதும் கை பழக்கத்தில பதில் போட்டிட்டு. ஆர்ட பேர்ல இருக்கம் எண்டது மறந்து போச்சு. நிஸ்தார் மைக்ல. மிச்சம் நீங்கதானே?”

பாறூக் அறிக்கையை மெல்ல மடித்தார்.

“நூத்தி எழுபது பேர் வாசிக்கல்ல சார்ஜன்! நாளைக்கு வாசகர் மகாநாட்டுல ஹப்ஸா இந்த வாக்கெடுப்பத் திரையில காட்டப் போறாவாம். அவவ விலக்கினாக் காட்ட ஆளில்ல எண்டு நினைச்சன். நான் எந்த முகத்தோட மேடையில ஏற?”

மாலை 6.00. பழி நீங்கிய ஹப்ஸா, நீக்கப்பட்ட இருநூற்று ஒன்பது பேருக்கும் ஒவ்வொருவராக மன்னிப்பும் அழைப்பு இணைப்பும் அனுப்பினாள். எட்டு மணிவரை ஒருவரும் திரும்பிச் சேரவில்லை. ஓட்டமாவடியிலிருந்து மட்டும் ஒரு பதில் வந்தது.

“தங்கச்சி, நான் அந்தக் குறூப்புலதானே இரிக்கன்?”