வாங்க ஆளில்லாத படங்கள்

நுரையீரலைச் சுற்றிக் கோடு போடச் சொன்னால், புரோகிராம் அதற்குக் கீழே இன்னொன்றையும் சுற்றி வரைந்திருந்தது. ஐந்து விரல்களோடு ஒரு கை. வெறுங்கண்ணுக்கு எக்ஸ்ரேயில் அங்கே ஒன்றுமில்லை.

விஜிதரன் சிரித்துவிட்டான். பல்கலைக்கழகத்துக்காக ஆறு மாதமாக இதோடு மாரடிக்கிறான். நெஞ்சுப் படங்களில் உறுப்புகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்ட கம்பியூட்டரை, மூளைப் படத்துக்கும் வயிற்று ஸ்கேனுக்கும் பழக்க வேண்டும். கோளாறு வராமலா இருக்கும்?

கொட்டகலை பகல் மூன்று மணிக்கே இருண்டு கிடந்தது. கூரைத் தகரத்தில் மழை ஓயாமல் கொட்ட, ஈரக் கம்பளி வாடையும் அடுப்புப் புகையும் கலந்து மூச்சை அடைக்கும் அந்த அறையில், திரையின் நீல வெளிச்சம் மட்டும் அசையாமல் சுவரில் படிந்திருந்தது. ஒரு மூளைப் படத்தைக் கொடுத்தான். மண்டையோட்டின் ஓரத்தில் அதே கை.

புரோகிராமைப் பழக்க எக்ஸ்ரேக்களைக் கொடுத்த தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரி பொன்னையாவுக்குப் போன் எடுத்தான்.

"அண்ணே, அந்த நானூறு படமும் யாரோடது?"

"யாரும் வாங்க வராத படந்தான் தம்பி. பொழச்சவங்க கையோட வாங்கிட்டுப் போயிருவாங்களே. இதெல்லாம் படம் எடுத்துப் பத்து நாள் தாங்காத ஆளுங்க."

நானூறு பேர். அவர்களை மட்டுமே காட்டிப் பழக்கியிருக்கிறான். அவன் சொல்லிக்கொடுக்காத எதையோ அது அவர்களிடம் பார்த்திருக்கிறது.

தன் சொந்த எக்ஸ்ரேயைக் கொடுத்தான். நுரையீரல் மட்டும். கை இல்லை. அப்பாடா என்று கண் கலங்கியது.

மேசையில் மனைவி பூரணியின் வயிற்று ஸ்கேன் இருந்தது. ஏழு மாதம். நேற்றுத்தான் ஹட்டனில் எடுத்தார்கள். வேண்டாம் என்று மனது அடித்துக்கொண்டது. கொடுத்தான்.

குழந்தையைச் சுற்றிக் கோடு வந்தது. தலை. முதுகு. மடக்கிய கால்கள்.

பிறகு விரல்கள். குழந்தையின் கால்மாட்டில். பெரிய ஆளின் கை.

அழித்தான். மறுபடி ஓட்டினான். அதே படம்தான். விரல்கள் முழங்காலுக்கு ஏறியிருந்தன.

மறுபடி. இடுப்பு.

எந்த டொக்டரிடம் போய் என்னவென்று சொல்வான்? வயரைப் பிடுங்கலாம். பிடுங்கினால் நடப்பது நிற்காது. அவனுக்குத் தெரியாமல் நடக்கும், அவ்வளவுதான்.

"என்னங்க," அடுப்படியிலிருந்து பூரணி கூப்பிட்டாள். "காலையிலருந்து ஒரே உதை. இப்பதான் புள்ள அடங்குச்சு. தூங்கிருச்சு போல."

அவன் திரைப் பக்கம் திரும்பினான்.

அவன் எதையும் தொடவில்லை. திரையில் குழந்தையைச் சுற்றியிருந்த கோடு, காலிலிருந்து தலைவரை, புள்ளி புள்ளியாக அழிந்துகொண்டே போனது. கையைச் சுற்றிய கோடு அழியவில்லை. விரல்கள் மூடியிருந்தன.