நான்காவது துளை

ஷெட்டைச் சித்தப்பா திறந்துவிட்ட விதமே அவளுக்குப் பிடிக்கவில்லை. வருஷக்கணக்காக யாரையும் உள்ளே விடாத மனிதர், திறந்த பிறகும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"இன்ஜின் ஜாம் ஆயிருச்சு பாப்பா. பழைய இரும்புக்குப் போட்டுரலாம்."

"அதை மெக்கானிக் சொல்லட்டும் சித்தப்பா."

ஷெட்டுக்குள் நின்ற காரின் டிரைவர் சீட்டில்தான் அவளுடைய அப்பா செத்துக் கிடந்தார். ஷெட் கதவு சாத்தியிருந்தது. இழுப்பு நோய்க்காரர், மூச்சு முட்டிப் போய்விட்டார் என்று சொன்னது, முதலில் பார்த்த சித்தப்பா. எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பியிருப்பாள், அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவர் தனியாக ஷெட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ளாமல் இருந்திருந்தால். எதை மறைக்கிறார்? அப்பாவை என்ன செய்தார்? அது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவின் காரைச் சரிபண்ணி ஓட்டப்போகிறேன் என்று மெக்கானிக்கை வரவழைத்ததெல்லாம் ஒரு சாக்குதான்.

மெக்கானிக் தொந்தியும் தொப்பையுமாக, வாய் ஓயாத ஆள். கெட்டுப்போன பெட்ரோலை வடித்துப் புதிதாக ஊற்றினார். புது பேட்டரியை மாட்டினார்.

"ரொம்ப நாள் தூங்கின இன்ஜினை எடுத்த எடுப்பிலே சாவி போட்டு எழுப்பக் கூடாதும்மா. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, அந்தத் துளை வழியா உள்ளே எண்ணெய் விட்டு, முதல்ல கையாலே சுத்தணும். திடீர்னு எழுப்பினா என் பொண்டாட்டியே கடிக்க வருவா."

மூன்று பிளக்குகள் முக்கி முனகித்தான் வந்தன. நான்காவது துளையில் பிளக்கே இல்லை. அதன் மேல் ஒரு துணி மூடியிருந்தது. துவைத்த, சுத்தமான துணி.

மெக்கானிக்கின் பேச்சு நின்றது. குனிந்து, இன்ஜினைக் கையால் சுற்றுகிற போல்ட்டைத் தடவினார். சுற்றிலும் துரு, அது மட்டும் பளபளத்தது.

"ஜாமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லைம்மா. இதை யாரோ தினம் சுத்திட்டிருக்காங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். சித்தப்பாவின் கண் அந்தத் துளையிலேயே இருந்தது.

மெக்கானிக் ஸ்பேனரைப் போட்டு மெல்லச் சுற்றினார். "அந்த நாலாவது துளை மேலே விரலை வைங்க. காத்து தள்ளுதா?"

புஸ்ஸென்று தள்ளியது.

"அப்ப சரி, போதும்." ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

காற்று நிற்கவில்லை.

விரலைத் தள்ளியது. உறிஞ்சியது. மறுபடியும் தள்ளியது, சூடாக, ஈரமாக. அதன் அடியில் மெல்லிய விசில் சத்தம்.

அந்த விசிலை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அடுத்த அறையிலிருந்து வரும் அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கிப்போவாள்.

"சுத்தலைன்னா அண்ணனுக்கு மூச்சு முட்டுது பாப்பா," என்று கிசுகிசுத்தார் சித்தப்பா. "அந்த ஓட்டையை மட்டும் அடைச்சிராதே."

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"யாருகிட்ட நாடகம் போடறீங்க? அன்னைக்குக் கதவைச் சாத்தினது யாரு?"

"அண்ணன்தாம்மா. இன்ஜின் ஓட ஓடவே, சாரல் அடிக்குதுன்னு சாத்தினாரு. நான் வரத்தான் லேட்டாயிருச்சு. அதுக்குள்ள அவர் மூச்சை இன்ஜின் இழுத்துக்கிச்சு."

பொய். உள்ளே எங்கேயோ குழாய் செருகி வைத்திருக்கிறார். என்னை விரட்டத்தான் இத்தனையும். அப்படித்தான் நினைத்தாள், வேறு மாதிரி நினைக்க அவளுக்குத் தைரியம் இல்லை.

"நாலு பிளக்கையும் மாட்டுங்க," என்றாள்.

"எனக்கென்னமோ சரியாப் படலைம்மா..."

"மாட்டுங்க."

மெக்கானிக் பையிலிருந்து எடுத்த நான்காவது பிளக் இறுக இறுக, விசில் மெலிந்தது. பிறகு கேட்கவில்லை. சித்தப்பா காதைப் பொத்திக்கொண்டார்.

அப்பாவின் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். இன்ஜின் இருமியது, திணறியது, சட்டென்று பிடித்துக்கொண்டது. ஷெட் முழுக்க நீலப் புகை, அவள் மூச்சிலும் ஏறியது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தாள்.

"பார்த்தீங்களா சித்தப்பா? ஒண்ணுமே இல்லை."

மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அட, வெண்ணெய் மாதிரி ஓடுதும்மா!" என்று சிரித்தார்.

அப்போது விசில் கேட்டது.

அவர் அவசரமாகப் பானெட்டுக்குள் தலையை விட்டார். ஒவ்வொரு பிளக்காகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன.

அவள் தன் நெஞ்சில் கை வைத்தாள். சளி கூடப் பிடிக்காத நெஞ்சு அது. மூச்சை இழுத்தால் விசில். விட்டால் விசில்.

சித்தப்பா காதிலிருந்து கையை எடுத்தார். மெதுவாக வந்து கார்க் கதவருகே குனிந்தார். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவள் பார்த்ததே இல்லை.

"அண்ணே," என்றார். "இப்ப நல்லா மூச்சு விட முடியுதா?"

அவளைக் கேட்காமலே, ஆமாம் என்று அவள் தலை ஆடியது.