நாலடிப் பலகையில் ஐந்து பேர்

சிட்டு அன்று காலை மறுபடியும் கால் கட்டைவிரலை இடித்துக்கொண்டாள்.

இடித்தது பிளைவுட் பலகை. போன விடுமுறையில் வாங்கிய பலகைகள் நடையில் சுவரோரமாகச் சாய்ந்து நின்றன. அவற்றில் இன்னும் ஓர் ஆணிகூட இறங்கவில்லை.

"அம்மா, இந்தப் பலகை..."

"என்கிட்ட சொல்லாதே. நேத்து எனக்கு முட்டி, இன்னைக்கு உனக்கு விரல். அந்த ரெண்டு பேர்கிட்ட போய்ச் சொல்லு."

அந்த இரண்டு பேர் அப்பாவும் மாமாவும். அப்பா தையல்காரர். அம்மாவின் தம்பியான மாமா, அலமாரி செய்பவர். இருவரும் சேர்ந்து ஒரு வண்டி செய்யப் போகிறார்கள். மாமாவின் பழைய வேனுக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற குட்டி வண்டி. படுத்துக் கிடக்கும் நீர்த்துளி மாதிரி முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து இருக்கும். உள்ளே படுக்கை. பின்பக்க மூடியைத் தூக்கினால் சின்னதாக ஒரு சமையல் மேடை. ஏதாவது ஏரிக்கரையில் நிறுத்தி ராத்திரி தங்கலாம். வீட்டில் அதற்கு வைத்த பெயர் துளி வண்டி.

துளி வண்டி இதுவரை காகிதத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இப்போதும் இருவரும் அந்தக் காகிதத்தை மேஜையில் விரித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"கதவு இடது பக்கம்தான் மச்சான்," என்றார் அப்பா.

"வலது பக்கம் அத்தான். இடது பக்கம் வச்சா நேரா முள்ளுச் செடியிலதான் இறங்கணும்."

"எந்த ஊர் முள்ளுச் செடி?"

"எங்க போறோமோ அந்த ஊர் முள்ளுச் செடி."

சிட்டு தலையில் கை வைத்துக்கொண்டாள். போன வாரம் இதே மேஜையில் ஜன்னல் வட்டமா சதுரமா என்று சண்டை. அதற்கு முந்தின வாரம் கரண்டி மாட்டும் கொக்கிக்காகச் சண்டை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். அது படுக்கை. அப்பா எல்லோரையும் வரிசையாகச் சுவரோரம் நிற்க வைத்து, சட்டைக்கு எடுப்பதுபோலத் தோள் அளவு எடுத்திருந்தார். அப்பா, அம்மா, மாமா மூவரின் தோளையும் கூட்டினால் சரியாக நாலு அடி. பலகையின் அகலமும் நாலு அடி.

"பாத்தியா அத்தான், தீப்பெட்டியில குச்சி மாதிரி கச்சிதம். பிள்ளைங்களுக்குக் கால்மாட்டுக்கு மேல ஒரு தட்டு அடிச்சிடலாம்."

"நாங்க என்ன டப்பாவா மாமா, தட்டுல அடுக்கி வைக்க?" என்றாள் சிட்டு. "அதோட தூங்கும்போது யாரும் இப்படி விறைப்பா நிக்க மாட்டாங்களே."

"அளவுன்னா அளவுதான்டா சிட்டு," என்றார் அப்பா. "இந்தக் கையால ஊருக்கே சட்டை தைச்சிருக்கேன். ஒருத்தருக்காவது இறுக்கிப் பிடிச்சிருக்கா?"

"சட்டை தூங்காதுப்பா."

அப்பா அதைக் காதில் வாங்கவே இல்லை. கதவு மறுபடியும் வலது பக்கம் போயிருந்தது.

அப்போதுதான் அம்மா அந்த அறைக்குள் வந்தார். அம்மாவுக்கு மருத்துவமனையில் செவிலியர் வேலை. இரவு வேலை முடிந்து வந்து, இன்னும் படுக்கக்கூட இல்லை. போன விடுமுறையில் துளி வண்டிக்காக எடுத்த லீவு, துணி துவைப்பதிலேயே தீர்ந்துபோனது. இந்த முறையும் அடுத்த மாதத்துக்கு ஒரு வாரம் கேட்டு வாங்கியிருந்தார்.

"ஏங்க, டேய் தம்பி, ரெண்டு பேரும் கேளுங்க." அம்மா சத்தம் போடவில்லை. அதனால்தான் இருவரும் நிமிர்ந்தார்கள். "இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள முடிவு பண்ணி ரம்பத்தை எடுங்க. இல்லேன்னா நாளைக்கு இந்தப் பலகை எல்லாம் யார் வீட்டு அலமாரிக்காவது போகட்டும். நானும் லீவைத் திருப்பிக் கொடுத்துடறேன்."

அம்மா ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னது சிட்டுவுக்கு நினைவு வந்தது. ‘யாரும் சிஸ்டர்னு கூப்பிடாத இடத்துல ஒரே ஒரு ராத்திரி தூங்கணும் சிட்டு.’

மதியச் சாப்பாடு முடிந்தது. "கொஞ்சம் கண்ணை மூடினா மூளை வேலை செய்யும்," என்றார் மாமா. புழுக்கம் தாங்காமல், ஆளுக்கொரு தலையணையோடு எல்லோரும் கூடத்துச் சிமெண்ட் தரையிலேயே படுத்துவிட்டார்கள்.

சிட்டு மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அவர்களை முறைத்துக்கொண்டிருந்தாள். கதவாம், கொக்கியாம். இதோ கிடக்கிறார்களே, இதில் யார் தீக்குச்சி?

அப்படி நினைத்ததுமே சட்டென்று எழுந்தாள். தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் அப்பா துணியில் கோடு போடுகிற சாக்பீஸ் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பூனை மாதிரி வந்தாள்.

முதலில் அப்பா. ஒரு காலை மடக்கி, ஒரு முழங்கையைச் சுவர்ப்பக்கம் நீட்டியிருந்தார். அவரைச் சுற்றிக் கோடு போட்டாள். அடுத்தது மாமா. குப்புறப் படுத்து, கையும் காலும் நாலு திசைக்கும் ஒன்றாக விரித்திருந்தார். சாக்பீஸ் விலாவில் பட்டபோது, "கொக்கி வேண்டாம் அத்தான்," என்று முனகினார். சிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பிறகு சிட்டுவின் தம்பி. அவனுக்கு வீட்டில் பெயர் பம்பரம். தூக்கத்தில் சுற்றுவதால் சிட்டு வைத்த பெயர் அது. அவனோடு ஒரே படுக்கையில் படுத்து உதை வாங்குகிறவள் அவள்தானே. அவனுக்குக் கோடு போட்டு முடிப்பதற்குள் திரும்பினான். மறுபடியும் போட்டாள். மறுபடியும் திரும்பினான்.

"போடா," என்று அவனை விட்டுவிட்டு அம்மாவிடம் போனாள்.

வீட்டிலேயே உயரம் அம்மாதான். அப்பாவைவிட ஒரு விரல் கூடுதல். ஆனால் மாமாவின் காலுக்கும் பம்பரத்தின் தலைக்கும் நடுவில், கையைக் காலை ஒடுக்கிச் சுருண்டு கிடந்தார். கோடு போடச் சிட்டுவுக்கு அதிக நேரம் ஆகவில்லை. எல்லாக் கோடுகளிலும் அம்மாவின் கோடுதான் சின்னது.

சிட்டு கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்பாவின் அளவு டேப்பை எடுத்து, வெறும் தரையாக இருந்த மறுபாதியில் பலகையின் அளவுக்கு ஒரு பெரிய கட்டம் போட்டாள்.

முதலில் விழித்தவர் மாமா. எழுந்து உட்கார்ந்து தரையைப் பார்த்தார். "இது என்ன, யாரோ நட்சத்திர மீன் வரைஞ்சு வச்சிருக்காங்க?"

"நீங்கதான் மாமா."

அப்பாவும் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். "இந்த முழங்கை யாருது?"

"உங்களுது."

"நான் இப்படியெல்லாம் தூங்க மாட்டேன்."

"தூங்குனீங்க. உங்க சாக்பீஸ்தான் சாட்சி." சிட்டு கட்டத்தைக் காட்டினாள். "இதுதான் பலகை. இப்போ இதுக்குள்ள மூணு பேரும் படுங்க பாக்கலாம். கையைக் காலை அந்தக் கோட்டுல இருக்கிற மாதிரியே வைக்கணும்."

மாமா படுத்தார். கட்டத்தில் பாதிக்கு மேல் போயிற்று. அப்பா படுத்தார். முழங்கை மாமாவின் மூக்கில் போய் நின்றது.

"அத்தான், கையை எடு."

"எடுத்தா அளவு தப்பிடும் மச்சான்."

அம்மா எழுந்து கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு எங்கடி இடம்?" என்று கேட்டார்.

"அதைத்தான்மா நானும் கேக்கறேன்," என்றாள் சிட்டு. "இதுல பம்பரத்தைத் தட்டுல வேற வைக்கப் போறாங்களாம். உங்க மேலதான் விழுவான்."

அப்பா தரையில் கிடந்த அந்தச் சின்னக் கோட்டைப் பார்த்தார். அது யாருடையது என்று அவர் கேட்கவில்லை.

"அப்போ வண்டியைப் பெருசாக்கணும்," என்றார் மாமா மெதுவாக. "பலகையை ஒட்டுப் போடணும். முதல்ல இருந்து வரையணும்..."

"ஐயோ மாமா, வரைய வேண்டாம். வண்டி அப்படியே இருக்கட்டும். தட்டு மட்டும் வேண்டாம். அம்மா, நான், பம்பரம் மூணு பேரும் உள்ளே. நீங்க ரெண்டு பேரும் வெளியே."

"வெளியேன்னா? பனியிலயா?"

"அப்பா தையல்காரர்தானே? வண்டிப் பக்கத்துல மாட்டுற மாதிரி ஒரு கூடாரம் தைக்கட்டும். தரை எவ்வளவு பெருசு, நட்சத்திர மீன் எவ்வளவு வேணும்னாலும் விரிச்சுக்கலாம்."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். "கூடாரமா? கெட்டித் துணி வேணும். ஓரத்தை ரெட்டையா மடிச்சு அடிக்கணும். கயிறு கட்ட வளையம்... மச்சான், நீ கம்பு மட்டும் கொடு."

"படுக்கைக்குப் பலகையை வெட்டாம ஒட்டாம அப்படியே போட்டுடலாம், பக்கச் சுவரை மட்டும் அறுத்தா போதும்," என்றார் மாமாவும். "கூடாரம் எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கமே கதவு. ஆமா, கூடாரம் எந்தப் பக்கம்?"

"இடது," என்றார் அப்பா.

"வலது," என்றார் மாமா.

அம்மா ரம்பத்தைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்தார். "சிட்டு, நீ சொல்லு."

"வலது. முள்ளுச் செடி இருந்தா, நம்ம எல்லாருக்கும் முன்னாடி மாமா அதுல படுத்துப் பாக்கட்டும்."

மாமா வாயைத் திறந்தார். அம்மாவைப் பார்த்தார். ரம்பத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அப்பா பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்.

சற்று நேரத்தில் வாசலில் ரம்பம் ஓடும் சத்தம் கேட்டது. அம்மா போய் அந்தக் கட்டத்தின் நடுவில் மல்லாந்து படுத்தார். காலை நீட்டினார். இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"சிட்டு, அந்தச் சாக்பீஸைக் கொண்டா. இப்போ ஒரு கோடு போடு."

சிட்டு போட ஆரம்பித்தாள். அம்மாவின் தலையிலிருந்து கால்வரைக்கும் போய்த் திரும்பி வருவதற்குள் சாக்பீஸ் தீர்ந்தே போய்விட்டது.